சுகவீனமான கலைஞனைத் தாங்குவது எப்படி?



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லி இம்மாதப் பாடத்தைத் தொடங்குகிறேன். அது எங்களுக்குப் பெருமை தரும் காரியம் அல்ல.

எங்கள் ஊரில் ஓர் ஓவியர் இருந்தார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை, பண்டிகை நாடகங்களுக்குப் படுதா, ஆலயச் சுவர்களில் வசனம் என்று எழுதிப் பிழைத்தவர். பிளெக்ஸ் பலகைகள் வந்தபின் அவருக்கு வேலை பாதிக்கும் கீழே போய்விட்டது. அந்தச் சமயத்தில்தான் நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். ஞாயிறு ஆராதனை முடிவில் அறிவிப்புக் கொடுத்தோம். இரண்டே வாரத்தில் வைத்தியச் செலவு முழுவதும் சேர்ந்துவிட்டது. கமிட்டியில் எல்லோருக்கும் சந்தோஷம். ரசீதைக் கோப்பில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

டிஸ்சார்ஜ் ஆகி ஆட்டோவில் வீடு திரும்பியவர், கதவில் வேறு பூட்டுத் தொங்குவதைக் கண்டார். நான்கு மாத வாடகை பாக்கி. தூரிகைகளும் வர்ண டப்பாக்களும் ஒரு சாக்கில் கட்டித் திண்ணையில் வைக்கப்பட்டிருந்தன. வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வாடகைதான் அவருக்கும் வருமானம். "எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று ஓவியரைக் கேட்டேன். "நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் ஐயா. ஆஸ்பத்திரிக்கே இவ்வளவு செஞ்சீங்க. அதுக்கு மேல வாடகையும் குடுங்கன்னு எந்த வாயால கேக்கறது?" என்றார். மறுநாள் தன் அக்காள் வீட்டுக்கு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

நோய் வந்த கலைஞனை மற்றவர்கள் எப்படித் தாங்கினார்கள் என்று அதன்பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்தவற்றில் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது, ஹங்கேரி நாட்டு இசையமைப்பாளர் பேலா பார்டோக் அமெரிக்காவில் கழித்த கடைசி ஐந்து வருடங்களின் வரலாறு. அவருடைய சங்கீதம் நம்மில் பலருக்குப் பழக்கமில்லாதது. அதனால் பாதகமில்லை. இங்கே நாம் கவனிக்கப்போவது அவரைச் சூழ்ந்திருந்தவர்கள் செய்ததை.

பார்டோக் 1881-இல் பிறந்தவர். ஏழு வயதில் தகப்பனை இழந்தார். தாயார் பியானோ கற்றுக்கொடுத்து வளர்த்தார். வாலிபனானதும் மெழுகு உருளையில் ஒலிப்பதிவு செய்யும் கருவியைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகப் போய், குடியானவர்கள் பாடிய ஆயிரக்கணக்கான பாட்டுகளைச் சேகரித்தார். ஹங்கேரி நாஜிகளின் பக்கம் சாய்ந்தபோது அவருக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் வயதான தாயாரை விட்டுப் போக மனமில்லாமல் காத்திருந்தார். 1939 டிசம்பரில் தாயார் மறைந்தார். 1940 அக்டோபரில் மனைவி டிட்டாவோடு நியூயார்க் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 59. அவர்களுடைய பெட்டிகள் வழியில் தங்கிவிட்டன. பல மாதங்கள் கழித்தே கைக்கு வந்தன.

முதலில் கிடைத்த வாடகை வீடு குவீன்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பக்கத்து வீட்டு வானொலியும் பியானோவும் தெருச் சத்தமும் அவரை வாட்டின. இதை வசதி தேடுகிறவரின் முணுமுணுப்பு என்று எண்ணிவிடக் கூடாது. தச்சனுக்குப் பட்டறை எப்படியோ, இசை எழுதுகிறவருக்குச் சத்தமில்லாத அறை அப்படி. 1941-இல் பிராங்ஸ் பகுதியில் அமைதியான ஒரு வீட்டுக்கு மாறினார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யுகோஸ்லாவிய நாட்டுப்பாடல் பதிவுகளைக் கேட்டு எழுத்தில் பதியும் வேலை கிடைத்தது. அது தற்காலிக வேலைதான்; 1942-ஆம் ஆண்டு முடிவோடு நின்றது. கணவனும் மனைவியும் இரண்டு பியானோக்களில் சேர்ந்து வாசித்துக் கச்சேரி செய்பவர்கள். வீட்டில் இலவசமாகக் கொடுத்து வைத்திருந்த இரண்டு பியானோக்களில் ஒன்று 1942-இல் திருப்பி எடுத்துக்கொள்ளப்பட்டது. இன்னொன்றை வாடகைக்கு எடுக்கப் பணமில்லை. பயிற்சிக்கே வழியில்லாதபோது கச்சேரிக்கு எங்கே போவது?

அதே 1942-இல் காய்ச்சல் தொடங்கியது. மாலையானால் உடம்பு சுடும். காரணம் எந்த வைத்தியருக்கும் பிடிபடவில்லை. 1943 தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவு ஆற்ற அழைக்கப்பட்டவர், மூன்று சொற்பொழிவுகளோடு சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது 87 பவுண்டு. நம் கணக்கில் 40 கிலோவுக்கும் குறைவு.

அந்த நாளிலிருந்து நடந்தவற்றை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் செலவில் அவரைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்தது. அடுத்து ஆஸ்காப் என்று அழைக்கப்படும் அமெரிக்க இசையமைப்பாளர், பாடலாசிரியர், பதிப்பாளர் சங்கம் முன்வந்தது. பார்டோக் அதன் அங்கத்தினர் அல்ல. இருந்தும் இவர் நம் தொழிலைச் செய்கிறவர் என்ற ஒரே காரணத்தால் வைத்தியப் பொறுப்பை அது ஏற்றது. நான் மிகவும் மெச்சுவது இதன் பின்பகுதியை. ஆஸ்பத்திரிக் கட்டணத்தைக் கட்டியதோடு சங்கம் கையைக் கழுவிவிடவில்லை. வெயில் காலத்தில் நியூயார்க்கின் புழுக்கம் ஆகாது என்று சாரனாக் லேக் என்ற மலையூரில் தங்க வைத்தது. நம்மவர்களுக்கு மதனப்பள்ளி ஆரோக்கியவரம் எப்படியோ, அந்நாட்டாருக்கு அந்த ஊர் அப்படி. காசநோயாளிகள் நல்ல காற்றுக்காகப் போய்த் தங்குமிடம். குளிர்காலம் வந்ததும் வட கரோலினாவிலுள்ள ஆஷ்வில் ஊருக்கு அனுப்பியது. தங்கும் இடமும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான் என்று அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். எங்கள் கமிட்டிக்கு அது புரியவில்லை.

இன்னொரு பிரச்சினை மிச்சமிருந்தது. பார்டோக் இனாமாக எதையும் வாங்கமாட்டார். அவர் பட்டினி கிடந்து செத்தார் என்று எழுதுகிறவர்கள் உண்டு, அது மிகை. ஏதோ சிறிய வருமானம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் தருமப் பணம் என்ற வாடை அடித்தால் போதும், முகத்தைத் திருப்பிக்கொள்வார். இது அவருடைய நண்பர்களுக்குத் தெரியும். வயலின் மேதை ஜோசப் சிகெட்டியும், இசைக்குழு நடத்துநர் ஃப்ரிட்ஸ் ரெய்னரும் அவரைப் போலவே ஹங்கேரியிலிருந்து வந்தவர்கள். பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்திவந்த செர்ஜ் கூசெவிட்ஸ்கியிடம் அவர்கள் இருவரும் இரகசியமாகப் பேசினார்கள். கூசெவிட்ஸ்கியின் மனைவி நத்தாலி 1942-இல் காலமாகியிருந்தார். புதிய இசைப் படைப்புகளை எழுதச் சொல்லிப் பணம் கொடுப்பதற்காக அந்த அம்மையாரின் நினைவாக ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டிருந்தது.

1943-இல் கூசெவிட்ஸ்கி ஆஸ்பத்திரி அறைக்குத் தாமே போனார். ஆள் அனுப்பவில்லை, கடிதம் எழுதவில்லை. அறிவித்த தொகை 1000 டாலர். பெரிய இசைக்குழு வாசிப்பதற்கு ஒரு படைப்பு எழுதித் தர வேண்டும். பாதித் தொகைக்குக் காசோலை இதோ என்றார். பார்டோக் வாங்க மறுத்தார். இந்த உடம்போடு எழுதி முடிப்பேனா என்று எனக்கே தெரியாதபோது எப்படிப் பணம் வாங்குவது என்றார். கூசெவிட்ஸ்கி விடவில்லை. நிதியின் பொறுப்பாளர்கள் தீர்மானம் செய்துவிட்டார்கள், அதை மாற்ற முடியாது என்று சொல்லிக் காசோலையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். பின்னணியில் சிகெட்டியும் ரெய்னரும் இருந்ததை யாரும் நோயாளியிடம் சொல்லவில்லை.

இப்படி மறைத்தது சரியா என்று ஒரு வாசகர் கேட்கலாம். நானும் யோசித்துப் பார்த்தேன். அங்கே பொய் ஒன்றும் இல்லை. நிதி உண்மையானது, வேலை உண்மையானது, கூலியும் உண்மையானது. மறைக்கப்பட்டது உபகாரம் செய்தவர்களின் பெயர் மட்டுமே. பெயரை மறைக்கும்படிதானே நமக்கும் போதிக்கப்பட்டிருக்கிறது!

1943 ஆகஸ்டு 15-ஆம் தேதி சாரனாக் லேக்கில் எழுதத் தொடங்கினார். அக்டோபர் 8-ஆம் தேதி முடித்தார். ஏறக்குறைய எட்டு வாரங்கள். 'இசைக்குழுவுக்கான கன்செர்ட்டோ' என்று பெயரிட்டார். அந்த வாரங்களில் காய்ச்சல் இறங்கியது, எடையும் கூடியது. உடம்பு தேறியதால் வேலை நடந்ததா, வேலை நடந்ததால் உடம்பு தேறியதா என்று தெரியவில்லை என்கிற கருத்தில் அவர் சிகெட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆஸ்பத்திரி ஊழியத்தைத் தாங்கும் நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கைவேலை கொடுத்த நோயாளி எழுந்து உட்காருவதை நம் நர்சுகள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்கள்.

1944 டிசம்பர் 1-ஆம் தேதி பாஸ்டனில் அதை முதன்முதலாக வாசித்தார்கள். பார்டோக் நேரில் போய்க் கேட்டார். இருபதாம் நூற்றாண்டில் இசைக்குழுக்களுக்கு எழுதப்பட்டவற்றில் இன்றும் உலகெங்கும் மிக அதிகமாக வாசிக்கப்படுபவற்றுள் அதுவும் ஒன்று. இதற்குள் யெஹுதி மெனுஹின் தனி வயலினுக்கு ஒரு படைப்பு கேட்டு எழுதி வாங்கியிருந்தார். 1952-இல் இந்தியாவுக்கு வந்து நிவாரண நிதிக்காக வாசித்த அதே மெனுஹின்தான்.

வியாதி இரத்தப் புற்றுநோய் என்பது 1944-இல் வைத்தியர்களுக்குத் தெளிவானது. அதைக் குணமாக்கும் மருந்து அந்நாளில் இல்லை. அவரிடம் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. 1945 செப்டம்பர் 26-ஆம் தேதி நியூயார்க்கில் இறந்தார். மனைவியின் பிறந்தநாளுக்காக எழுதிக்கொண்டிருந்த மூன்றாவது பியானோ கன்செர்ட்டோவில் கடைசி 17 அடிகளை மட்டும் இசைக்குழுவுக்கென விரித்து எழுத வேண்டியிருந்தது. நண்பர் டிபோர் செர்லி அதை முடித்துக் கொடுத்தார். பார்டோக்குக்குப் பின் டிட்டா வாசித்துப் பிழைக்க ஒரு சொத்து வேண்டுமே என்றுதான் அவர் அதை எழுதினார். படுக்கையில் கிடந்த மனிதன் தன் குடும்பத்துக்குச் சம்பாதித்துக்கொண்டே போனான். அந்த இடத்தைக் கொடுத்தது யார்? காசோலையை அறையில் விட்டுவிட்டு வந்தவரும், மலையூரில் அறை பிடித்துக் கொடுத்தவர்களும், கேட்டுக்கொண்டு பெயர் சொல்லாமல் இருந்தவர்களும்தான்.

உதவி வாக்குறுதியாக மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பேத்தோவனைப் பார்க்கலாம். அவர் வியன்னாவை விட்டுப் போகாதபடி 1809-இல் மூன்று பிரபுக்கள் வருடந்தோறும் 4000 ஃப்ளோரின் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். 1811-இல் ஆஸ்திரிய அரசு நாணயத்தின் மதிப்பை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 1812-இல் ஒரு பிரபு குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். இன்னொருவர் கடனில் மூழ்கினார். காது கேளாத அந்த மனிதர் பணத்துக்காக நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. 1815-இல்தான் வழக்கு தீர்ந்தது. 1827-இல் அவர் மரணப் படுக்கையில் இருந்தபோது லண்டன் ஃபில்ஹார்மோனிக் சங்கம் 100 பவுன் அனுப்பியது. பல வருட வாக்குறுதியைவிட, உரிய சமயத்தில் கைக்கு வந்த அந்தத் தொகைதான் அவரைத் தேற்றியது. இரண்டு, மூன்று பெரிய மனிதர்களை மட்டும் நம்பி ஒரு நோயாளியின் மாத வாடகையை வைக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நூறு ரூபாய் கொடுக்கிற ஐம்பது பேரில் ஒருவர் தவறினாலும் வீடு பூட்டப்படாது.

வீடு என்றதும் இத்தாலியின் வெர்டி நினைவுக்கு வருகிறார். வாலிபத்தில் அவர் மிலான் நகரில் நோயாய்ப் படுத்திருந்தபோது வாடகை நாள் வந்தது. கையில் பணமில்லை. மனைவி தன் நகைகளை எடுத்துக்கொண்டு போய்ப் பணம் புரட்டி வந்தார் என்று முதுமையில் அவரே நினைவுகூர்ந்தார். நாடகப் பாடல்களால் பெரும் செல்வரான பின்னும் அந்த வாடகை நாளை மறந்ததாகத் தெரியவில்லை. நலிந்துபோன முதிய இசைக் கலைஞர்களுக்காக மிலானில் ஒரு இல்லம் கட்டினார். கமிலோ போய்ட்டோ என்ற கட்டடக் கலைஞர் வரைந்து கொடுக்க, 1899-இல் வேலை முடிந்தது. ஆனால் தாம் உயிரோடு இருக்கும்வரை அதைத் திறக்கக் கூடாது என்றார். அங்கே குடியேறுகிறவர்கள் தம்மிடம் வந்து நன்றி சொல்லும் சங்கடம் அவர்களுக்கும் வேண்டாம், தமக்கும் வேண்டாம் என்பது காரணம். 1901 ஜனவரியில் அவர் இறந்தார். 1902 அக்டோபர் 10, அவருடைய பிறந்தநாளில் கதவு திறந்தது. அங்கே வசிப்பவர்களை அவர் விருந்தாளிகள் என்றே அழைத்தார். அவருடைய படைப்புகளின் உரிமைத்தொகை அந்த இல்லத்துக்கே போகும்படி எழுதி வைத்தார். அவரும் அவர் மனைவி ஜுசெப்பினாவும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இல்லம் இன்றும் நடக்கிறது. இளம் இசை மாணவர்களும் இப்போது முதியவர்களோடு அங்கே தங்குகிறார்கள்.

நாம் வெர்டி அல்ல, இல்லம் கட்டப்போவதில்லை. ஆனாலும் நம் சபையிலோ தெருவிலோ ஒரு நாதஸ்வரக்காரரோ, கீபோர்டு வாசிக்கும் தம்பியோ, பொம்மை செய்யும் அம்மாளோ நோயில் விழுந்தால் செய்யக்கூடியவை உண்டு. எங்கள் கமிட்டி அந்த ஓவியருக்குப்பின் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டது. இப்போது உண்டியல் எடுப்பதற்கு முன் ஒருவர் மட்டும் போய்க் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிறார். ஐந்து பேராகப் போனால் யாரும் வாய் திறப்பதில்லை. வாடகை எத்தனை மாதம் பாக்கி, அட்வான்ஸ் கழிந்துவிட்டதா, மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், அடகில் என்ன இருக்கிறது என்று நாமே கேட்க வேண்டும். ஹார்மோனியமோ, தையல் மெஷினோ, காமிராவோ அடகில் இருந்தால் அதை மீட்பதுதான் முதல் வைத்தியம் என்பேன். அந்தப் பியானோவை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாடகையை வீட்டுக்காரரிடமே மாதாமாதம் கொடுத்து ரசீது வாங்குவது நல்லது. அவருக்கும் நிம்மதி, நோயாளி வெளியே வந்து முகம் பார்த்துப் பேசவும் முடியும். நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை என்பதை நாம் எத்தனை பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம்! சத்திரத்தில் சேர்த்து, சத்திரக்காரன் கையில் பணம் கொடுத்து, அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகக் கணக்கையும் திறந்து வைத்தான். கேட்டுக் கேட்டுப் பழகிய கதையானதால் அதிலுள்ள தங்கும் செலவு நம் காதில் விழவில்லை.

படத்தையும் பெயரையும் நோட்டீசில் போடுமுன் அனுமதி கேளுங்கள். மேடையில் நின்று வாழ்ந்த மனிதர், படுக்கையில் கிடக்கும் தம் படம் கையிலிருந்து கைக்குப் போவதைத் தாங்கமாட்டார். பெயரில்லாமல் சொன்னால் பணம் குறைவாக வரும் என்று சிலர் சொல்கிறார்கள். வரலாம். குறைவாகவே வரட்டும்.

வேலை கொடுப்பதில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். உதவி பெற்றவர்தானே என்று கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு இலவசமாகப் படுதா எழுதச் சொல்லுவோம், கல்யாண வீட்டில் சும்மா பாடச் சொல்லுவோம். கூசெவிட்ஸ்கி அப்படிக் கேட்கவில்லை. நியாயமான விலை பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்து, முடிக்க அவகாசமும் கொடுத்தார். முடியாமல் போனால் முன்பணம் போகட்டும் என்று மனதில் வைத்துக்கொண்டு கொடுப்பதுதான் அப்படிப்பட்ட வேலை.

எங்கள் ஓவியரைப் பற்றிச் சிலர் விசாரிப்பதால் சொல்கிறேன். ஒரு வருடம் கழித்து நானும் இன்னொரு கமிட்டி அங்கத்தினரும் அக்காள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். ஆலயத்தின் பக்கச் சுவருக்கு வேலை இருப்பதாகச் சொன்னோம். "கூலி பேசித்தானே?" என்று கேட்டார். "ஆமாம், பேசித்தான்" என்றேன். தொகை சொன்னார். ஒத்துக்கொண்டோம். சாக்கு மூட்டையை அவிழ்த்துத் தூரிகைகளை எடுத்துப் பார்த்தார். பாதிக்குமேல் காய்ந்து விறைத்துப் போயிருந்தன. புதிது வாங்க முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம்.

படிப்புக் குழுக்கள் அடுத்த மாதம் கூடும்போது இந்தக் கட்டுரையை வாசித்ததோடு வராமல், உங்கள் சபைக்கு உட்பட்ட இடத்தில் இசை, ஓவியம், நாடகம், பொம்மை வேலை என்று பிழைக்கிறவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பக்கத்தில் இரண்டு அறை வீட்டுக்கு மூன்று மாத வாடகை எவ்வளவு என்பதையும் விசாரித்து அதே தாளில் குறித்து வாருங்கள்.